கூடத்துச் சுவரின் கோடு

1981 நவம்பர், செவ்வாய்க்கிழமை. காலை முதல் மழை. மாலை நான்கு மணியளவில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை கரையை மீறியது. நீர் சமையலறை வழியாக நுழைந்து எல்லா அறைகளிலும் முழங்கால் அளவு நின்றது. பின்சுவர் விரிசல் கண்டது. மறுநாள் விடியற்காலையில் நீர் வடிந்தது, சேறு தங்கியது. உயிர்ச்சேதம் இல்லை.

காப்புறுதி நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கை இது. கடைசி வாக்கியம் அவர்கள் கேட்டிருந்த ஒரு கேள்விக்கு விடை. அது உண்மையும்கூட. என் மனைவி வெள்ளத்தில் இறக்கவில்லை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, எங்கள் மலைநகரான தானா ராத்தாவின் மருத்துவமனையில், இருதய நோயால் இறந்திருந்தாள்.

வீடு தேயிலைச் சரிவின் அடியில் இருக்கிறது. இடைநிலைப்பள்ளி ஆசிரியனான எனக்குக் கிடைத்த அரசாங்கக் கடனில் வாங்கியது. காப்புறுதி அந்தக் கடனின் நிபந்தனை. வீட்டைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டம் கண்ணில் பட வேண்டும், ஆனால் கூரை தோட்டத்துக்குச் சொந்தமானதாக இருக்கக்கூடாது என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதினாறாம் நாள் கருமாதி வரை அது அணையக்கூடாது. நான் பள்ளியிலிருந்து திரும்புமுன் வெள்ளம் அணைத்தது. மறுநாள் அதைச் சேற்றிலிருந்து எடுத்துத் துடைத்து, ஒரு செங்கல்லின்மேல் வைத்து மீண்டும் ஏற்றினேன்.

பள்ளி அலுவலகத்திலிருந்து காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை எதையும் கழுவவோ நகர்த்தவோ கூடாது என்றார்கள். மலைக்கு ஏறும் தாப்பா சாலையில் மண் சரிந்து கிடந்தது. சாலை திறந்தபின் அவர் ஈப்போவிலிருந்து புறப்படுவார். எப்போது என்று அவர்களால் சொல்ல இயலவில்லை. கருமாதி அடுத்த புதன்கிழமை.

மனைவியின் தம்பி தேயிலை ஆலையில் லோரி ஓட்டுபவன், இன்னும் லயத்திலேயே குடியிருப்பவன். வாசலிலேயே நின்று கேட்டான்.

“தொடக்கூடாதுன்னு யாரு மச்சான் சொன்னா?”

சொன்னேன்.

“அவுங்க வந்து பிண்டம் வைப்பாங்களா? அக்காவுக்கு சேத்துல எல போடச் சொல்றீங்களா?”

“உன் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே.”

“வைக்கலாம். எடம் பத்தாதுன்னு இல்ல. லயத்த விட்டுப் போவணும்னு சின்னப் புள்ளையிலேர்ந்து சொன்ன மனுசி அது. திரும்ப அங்கயே கொண்டாந்து வச்சா வழியனுப்பணும்?”

கூடத்தை மட்டும் கழுவலாம், மற்ற அறைகள் கிடந்தபடியே கிடக்கட்டும் என்றேன்.

சனிக்கிழமை லயத்திலிருந்து உறவினர் வந்து சேற்றை வாரினார்கள், மஞ்சள் நீரால் தரையைக் கழுவினார்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு படிந்திருந்தது. அதன்மேல் இருமுறை சுண்ணாம்பு அடித்தான் மைத்துனன். பின்சுவரைப் பழுதுபார்க்க நான் அழைத்திருந்த சீனக் குத்தகையாளர் அந்த நேரத்தில் வந்தார். தோட்டங்களிலேயே வேலை செய்து தமிழ் பழகியவர். எல்லோரும் அவரை முதலாளி என்ற பொருளில் ‘தவுக்கே’ என்பார்கள். ஆசிரியன் என்பதால் என்னைச் ‘சிகு’ என்பார்.

“சிகு, ஈர சுவருக்கு வெள்ளை அடிக்கிறீங்க. பின்னாடி தெரியும்லா.”

“பின்னாடி தெரியட்டும் தவுக்கே,” என்றான் மைத்துனன். “புதன்கிழமை தெரியக்கூடாது.”

“சரிலா. அந்தம்மா தீவாளிக்கு தீவாளி எனக்கு முறுக்கு குடுத்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல.”

கருமாதி குறைவில்லாமல் நடந்தது. உலர்ந்த தரையில் இலை போட்டோம். மற்ற அறைகளின் வாடை வராதபடி கதவிடுக்குகளில் சாக்கைத் திணித்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளர் வந்தார். தமிழர், மரியாதையானவர். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக் கோட்டை அளந்தார். படுக்கையறைக் கோட்டை அளந்தார். பிறகு கூடத்துக்குள் வந்து நான்கு சுவர்களையும் சுற்றிப் பார்த்தார்.

“இங்க தண்ணி வரலையா சார்?”

நடந்ததை விளக்கினேன்.

“புரியுது சார். ஆனா அந்த ரூம்ல கோடு இருக்கு, இந்த ரூம்ல கோடு இருக்கு, நடுவுல இல்ல. தண்ணி தாண்டிக் குதிச்சிருச்சான்னு ஆபீஸ்ல கேப்பாங்க. நான் என்னன்னு சொல்ல?”

“படத்துல இருக்குல்ல எங்கக்கா, அதையே கேளுங்க,” என்றான் மைத்துனன். “வெள்ளம் வந்தப்ப வீட்டுல இருந்தது அதோட வெளக்கு மட்டும்தான்.”

மதிப்பீட்டாளர் மாலையிட்ட படத்தைப் பார்த்தார். அளவுநாடாவை மடித்துப் பைக்குள் வைத்தார்.

தை மாதம் முடிவு வந்தது. வெள்ளம் வீட்டின் ஊடாகச் சென்றதற்குத் தொடர்ச்சியான அடையாளம் இல்லை. அறைகளில் காண்பது மலைச்சரிவின் நாட்பட்ட நீர்க்கசிவாகக் கொள்ளப்படும். கசிவுக்கு இழப்பீடு கிடையாது. நான் மேல்முறையீடு செய்தேன். சொற்களை எடைபோட்டு எழுதினேன் என்றே நினைக்கிறேன். பதில் மாறவில்லை; இந்த விவகாரம் முடிவுற்றதாகக் கருதப்படும் என்ற வாக்கியம் மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. குத்தகையாளர் பின்சுவருக்கு மூன்று கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டு, ஆட்களைப் பக்கத்து ஊரான திரிங்காப்பில் வேறு வேலைக்கு அனுப்பினார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்த ஆண்டு மழைக்கு முன் கோடு திரும்பி வந்தது. முதலில் ஒரு மூலையில் நிழல்போலத் தெரிந்தது. சில வாரங்களில் கூடத்தின் நான்கு சுவர்களிலும், முழங்கால் உயரத்தில், சுண்ணாம்பின் ஊடே பழுப்பேறி நின்றது. ஒரு பக்கம் சமையலறைக் கோட்டோடும் மறுபக்கம் படுக்கையறைக் கோட்டோடும் பிசகாமல் இணைந்தது. முட்டுக்கட்டைகளைப் பார்க்க வந்த குத்தகையாளர் குனிந்து அதைத் தடவினார்.

“இப்ப கூப்பிடுங்க சிகு, அந்த ஈப்போ ஆள.”

அந்த வாரமே மைத்துனனும் ஒரு வாளிச் சுண்ணாம்போடு வந்தான். முதலாண்டுத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. வாளியைக் கூடத்தின் நடுவில் வைத்தான்.

“அடிச்சிரவா மச்சான்?”

இன்றைக்கு வேண்டாம் என்றேன். திதியைக் கோட்டின் முன்னிலையிலேயே செய்தோம். அதன்பின் இரண்டு திதிகள் முடிந்துவிட்டன. வாளியில் சுண்ணாம்பு கல்லாக இறுகிவிட்டது.

செய்யாமல் விட்டவை:

ஈப்போவுக்குத் தொலைபேசியில் பேசி, கோட்டை வந்து பார்க்கச் சொல்வது.
பின்சுவரைக் கட்டுவது.
பழுது நீக்கக் கொடுத்திருந்த அவள் மூக்குக்கண்ணாடியைக் கடையிலிருந்து வாங்கி வருவது.
கூடத்துக்கு வெள்ளை அடிப்பது.