வேம்புவின் மேல்முறையீடு

மந்தைவெளி வேம்பு வக்கீல் குமாஸ்தா. தோற்ற கேஸை அப்படியே விட்டுவிட அவருக்கு மனசு வராது. சாமியிடமும் அதே பழக்கம்தான். வீட்டில் எந்த முடிவென்றாலும் திருவுளச்சீட்டு. ஒரு துண்டுக் காகிதத்தில் ‘செய்யலாம்’, இன்னொன்றில் ‘வேண்டாம்’ என்று எழுதி மடித்துச் சாமியின் காலடியில் போட்டு, குருக்களை ஒன்றை எடுக்கச் சொல்வார். பதில் பிடித்திருந்தால் தேங்காய் உடைப்பார். பிடிக்காவிட்டால் அடுத்த கோயில். பக்கத்து மயிலாப்பூரில் கோயிலுக்கா பஞ்சம்?

தொண்ணூற்று மூன்றில் அவருக்கு ஒரு பழைய பியட் காரின் மேல் ஆசை வந்தது.

“ஏன்னா, ஒரு மெக்கானிக்கைக் கூட்டிண்டு போய்ப் பாருங்கோளேன்” என்றாள் மனைவி காமாக்ஷி.

“பிள்ளையாரைக் கேட்டாப் போறும்.”

“அப்போ சீட்டை நான் எழுதித் தரேன். உங்க கையெழுத்து சாமிக்கே புரியாது.”

தெருமுனைப் பிள்ளையார் ‘வேண்டாம்’ என்றுவிட்டார்.

“எலி மேல போறவருக்குக் காரோட அருமை எப்படித் தெரியும்?” என்று முணுமுணுத்தபடி, அதே சீட்டுகளோடு முருகன் சந்நிதிக்குப் போனார். அங்கேயும் ‘வேண்டாம்’. மூன்றாம் முறை சீட்டுகளைத் தாமே எழுதிக்கொண்டு ஆஞ்சநேயரிடம் போனார். அனுமார் தயங்கவே இல்லை, ‘வாங்கலாம்’ என்றார். அன்று மாலையே கார் வாசலில் நின்றது.

இரண்டாம் நாள், காமாக்ஷியை உட்காரவைத்துப் பாண்டி பஜாருக்குப் புறப்பட்டார். தெருமுனையில் கார் இருமியது, குலுங்கியது, நின்றது. அன்று சங்கடஹர சதுர்த்தி. எதிரே நாதஸ்வரம் முழங்கப் பிள்ளையார் புறப்பாடு வந்துகொண்டிருந்தது. குறுகிய தெரு. கார் நகராமல் சாமி நகர முடியாது.

குருக்கள் குனிந்து உள்ளே பார்த்தார். “மாமா, இவர் வேண்டாம்னு சொன்ன வண்டிதானே இது?”

வேம்பு கண்ணாடியை ஏற்றப் பார்த்தார். அதுவும் பாதியில் சிக்கிக்கொண்டது. கடைசியில், சாமி தூக்கி வந்தவர்கள் பிள்ளையாரை இறக்கி வைத்துவிட்டு அவருடைய காரைத் தள்ளினார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தவில்லை. பிள்ளையாருக்குக் கிடைக்க வேண்டிய புறப்பாட்டு மல்லாரி அன்று பியட்டுக்குக் கிடைத்தது.

மறுநாள் மெக்கானிக் ராஜரத்தினம் வந்து பானெட்டைத் திறந்தான்.

“இன்னா சார், இஞ்சின் பூட்ச்சு சார். யாரைக் கேட்டு வாங்கினே?”

வேம்பு விறுவிறுவென்று உள்ளே போனார்.

வீட்டுக்குள் வந்ததும் காமாக்ஷி மெதுவாகச் சொன்னாள். “ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்கோ. நான் எழுதின ரெண்டு சீட்டுலேயும் வேண்டாம்னுதான் எழுதியிருந்தேன்.”

“அடிப்பாவி! சாமி விஷயத்துல தில்லுமுல்லா?” என்று எகிறியவர் சட்டென்று அடங்கினார். தலையைச் சொறிந்துகொண்டார். “அனுமார்கிட்ட நானும் ரெண்டுலேயும் வாங்கலாம்னுதான் எழுதிண்டு போனேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது காமாக்ஷிதான்.

“பாவம்னா, அந்த மூணு பேரையும் நாம ஒரு வார்த்தை பேச விடலையே!”

வேம்புவும் சிரித்தார். ஆனால் அந்த வார்த்தை அவரை விடவில்லை. இத்தனை வருஷமாகச் சாமியிடம் தான் எதையுமே கேட்டதில்லை, போனதெல்லாம் தன் முடிவுக்குக் கையெழுத்து வாங்கத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கார் காயலான் கடைக்குப் போனது.

மூன்று வருஷம் கழித்து மகள் ஹம்சினிக்குப் புனேயில் வேலை கிடைத்தது. அவளுக்குப் போக ஆசை. வேம்புவுக்கு அனுப்ப மனசில்லை. இந்தத் தடவை ஒரு சீட்டை அவர் எழுதினார், மற்றொன்றைக் காமாக்ஷி எழுதினாள். மடிப்பதற்கு முன் இரண்டையும் ஹம்சினி வாங்கிச் சரிபார்த்தாள். குருக்களும் ஒருமுறை பிரித்துப் பார்த்துக்கொண்டார்.

பிள்ளையார் ‘அனுப்பலாம்’ என்றார்.

வேம்பு நின்ற இடத்திலேயே நின்றார். குருக்கள் சீட்டுகள் இருந்த தட்டை நீட்டினார். “இன்னொரு தரம் பார்க்கலாமா மாமா?”

“வேண்டாம். அவர் சொல்லியாச்சு” என்றார் வேம்பு. “இப்போ அவர் சொன்னதைக் கேட்டுக்கறதுக்கு எனக்குத் தைரியம் குடுக்கச் சொல்லுங்கோ. அதுக்கு அர்ச்சனை உண்டோ?”

“உங்க பேருக்கே பண்ணிடறேன்” என்று குருக்கள் உள்ளே போனார்.

அடுத்த வாரம் சென்ட்ரலில் ரயில் கிளம்பும்போது வேம்பு அழுதார். புளியோதரைப் பொட்டலத்தைக் கொடுக்க மறந்துபோய், அதைத் தூக்கிக்கொண்டு நான்கு பெட்டி தூரம் கூடவே ஓடினார்.