எல்லாருக்கும் ஆகிற காத்தாடி வேண்டாம்

போன வாரம் எங்கள் கடையில் ஒரு சண்டை. வாடிக்கையாளரோடு இல்லை, என் கணவரோடு. காரணம்... காத்தாடி!

சிரிக்காதீர்கள். இது பிள்ளைகள் மொட்டைமாடியில் விடுகிற காகிதக் காத்தாடி இல்லை. காலில் ஒரு போர்டை மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஹார்னஸ் என்ற கொக்கி வைத்த பட்டையைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே ஒரு பெரிய துணிக் காத்தாடியைப் பறக்கவிட்டு, அது இழுக்கிற இழுப்பில் கடல்மேல் வழுக்கிக்கொண்டு போவது. கைட்சர்ஃபிங். இரண்டு வருடமாக ஆடி பிறந்தால் நான் ராமேஸ்வரம் பக்கம் கிளம்பிவிடுகிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ‘கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்டு எழுதியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்கென்ன இப்போது?

‘நாற்பத்து நாலு வயசில் இதெல்லாம் தேவையா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். தேவையில்லைதான். தேவை இருந்தால்தான் ஒரு பொருளை வாங்கலாம் என்றால், நம் எல்லார் வீட்டு அலமாரியும் பாதி காலியாகிவிடும். சரி, சண்டைக்கு வருகிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் நாங்கள் பிள்ளைகளுக்கான ரெடிமேட் கடை வைத்திருக்கிறோம். அன்றைக்குக் கடையில் கூட்டமில்லை. ராமேஸ்வரத்தில் பழைய கைட் வாங்கி விற்கிற அருள் வீடியோ காலில் வந்தான். இரண்டு கைட் இருக்கிறதாம். ஒன்று பன்னிரண்டு சதுர மீட்டர், எல்லாவற்றுக்கும் ஏற்ற ரகம். இன்னொன்று ஒன்பது மீட்டர், பழைய மாடல், ஒட்டுப் போட்டது. என்னிடம் இருக்கும் பழைய கைட்டோடு கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டு இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த என் கணவர் ஒரு நொடி யோசிக்கவில்லை.

“பன்னெண்டே எடுத்துடும்மா. துணி ஜாஸ்தி.”

“எனக்கு ஒம்போதுதாங்க வேணும்.”

“ஒரே வெலைக்கு எதுக்கு கம்மியா வாங்கணும்? அது பெருசு. நாளைக்கு நானும் கத்துக்கினா எனக்கும் ஆவும் இல்ல?”

“நீங்க கத்துக்கப் போறீங்களா?”

“இப்ப இல்ல. ஒருவேள கத்துக்கினா?”

கோமுகி அணைக்குப் போனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத மனிதர் இவர். எண்பத்தைந்து கிலோ. இவர் என்றைக்காவது கற்றுக்கொண்டால் என்ற ஒருவேளைக்காக, ஐம்பத்தைந்து கிலோ இருக்கிற நான் இன்றைக்குப் பன்னிரண்டு மீட்டரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் கடையே அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் வருகிற ஒவ்வொரு அம்மாவும் சொல்கிற வசனம் ஒன்றுதான் - “வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசா குடுங்க.” நாங்களும் கொடுப்போம். கீழே மடித்துத் தைத்து, வருடம் ஒரு மடிப்பாகப் பிரித்துவிட வேண்டியது. எனக்கும் அப்படித்தான் தைத்தார்கள். பாவாடை என் அளவுக்குச் சரியாக வந்த வருடம் அதன் சாயம் போயிருந்தது. கல்யாண ஜாக்கெட்டில்கூட உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைத்தார்கள், இனிமேல் சதை போடுவேனாம். அக்காவுக்கும் ஆகிற வளையல், அம்மாவுக்கும் ஆகிற செருப்பு, தங்கைக்கும் ஆகிற சைக்கிள். இன்றைக்கு, எனக்கு, என் அளவில் என்று எதுவுமே வந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

இதே கணக்கில்தான் போன வருடம் பதினாலு மீட்டர் கைட் ஒன்றை வாங்கி வைத்தோம். பலத்த காற்றடிக்கிற ஊரில் அவ்வளவு பெரியதை யாரும் தொடமாட்டார்கள். அதனால்தான் மலிவு. எங்களுக்கு அது உறைக்கவில்லை. “எம்மாந் துணி!” என்று இருவரும் விரித்து வைத்துத் தடவிப் பார்த்து மகிழ்ந்தோம். ஆடிக்காற்றில் அது என்னை நான் போகச் சொன்ன பக்கம் கொண்டுபோகவே இல்லை. கரையோடு தரதரவென்று இழுத்துப்போய், கருவாடு காயப்போட்டிருந்த வலையில் சேர்த்தது. மூன்று முறை தலைக்குக் குளித்தும் வாடை போகவில்லை.

சரி, ஏன் அந்த ஒன்பதுதான் வேண்டும் என்று அடம்?

கைட்சர்ஃபிங்கில் வேக்ஸ்டைல் என்று ஒரு வகை உண்டு. எனக்கு அதன்மேல்தான் பைத்தியம். மற்றவர்கள் கைட்டைத் தலைக்கு மேலே ஏற்றி, அது தூக்குகிற உயரத்துக்குப் போய்த் தொங்கிவிட்டு இறங்குவார்கள். வேக்ஸ்டைலில் கைட்டைத் தாழ்வாகவே வைக்க வேண்டும். அது பக்கவாட்டில் இழுக்கும். நீங்கள் போர்டின் விளிம்பைத் தண்ணீரில் அழுத்தி, வரமாட்டேன் என்று எதிர்த்து நிற்க வேண்டும். இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு, முழு இழுப்பையும் கையில் வாங்கிக்கொண்டு, எதிர்த்து நின்ற அந்தக் காலாலேயே எம்ப வேண்டும். அந்த நொடியில் விறைத்திருக்கிற கயிறுகள் தளர வேண்டும். தளர்ந்தால்தான் உடம்பு காற்றில் நீள முடியும். தூக்கிவிடுவதற்கு ஆள் கிடையாது - முதலில் எதிர்க்க வேண்டும், பிறகு தானாகவே எம்ப வேண்டும். எனக்கு ஏன் பிடித்தது என்று இப்போது புரிந்திருக்குமே?

எல்லாவற்றுக்கும் ஆகிற கைட்டில் இது நடக்காது. சாது மாதிரி மேலே போய் நின்றுகொண்டு தூக்கிக்கொண்டே இருக்கும், கயிறு தளராது. ஆங்கில ‘C’ மாதிரி நன்றாக வளைந்த முரட்டுக் கைட்தான் வேண்டும். அந்த ஒன்பது அந்த ரகம். இரண்டு வருடம் வாடகைக்குக் கிடைக்கிற சாதுக் கைட்டில் முயன்று முயன்று ஒரு தடவைகூட எனக்கு வரவில்லை. இந்த ஆடியும் போனால் அடுத்த காற்றுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். முட்டி என் பேச்சைக் கேட்கிற காலம் இன்னும் எத்தனை வருடமோ, யார் கண்டது?

கிளம்பிவிட்டேன். துணைக்கு என் நாத்தனார் கனகா. என் கணவரின் தங்கை, களமருதூரில் வாழ்க்கைப்பட்டவள், நெல் போடுகிற குடும்பம். ராமேஸ்வரம் கோயிலில் தீர்த்தமாட வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உளுந்தூர்பேட்டையில் வந்து சேர்ந்துகொண்டாள். என் தோளில் அந்தப் பதினாலு மீட்டர் மூட்டை, கையில் போர்வை சுற்றிய போர்டு. கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாக்கா இது, கதவு கழட்டிக்கினு போறீங்களா?”

“ஆமா. ராமேஸ்வரத்துல மாட்டப் போறேன். ஏத்துங்க.”

கனகா படியேறும்போது அவளுடைய ஒரு செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. கண்டக்டர் எடுத்துக் கொடுத்தார். இவள் பாதத்தைப் போல ஒன்றரைப் பங்கு இருந்தது.

“யார் செருப்பு கனகா இது?”

“அவருதுதான் அண்ணி. வூட்ல ஒரே ஜோடிதான். வெளிய போறவங்க மாட்டிக்கினு போவோம்.”

“அப்ப அவரு?”

“கழனிக்குப் போறவருக்கு செருப்பு எதுக்கு?”

உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தாள். அண்ணன் போன் போட்டுவிட்டார் போலிருக்கிறது.

“பன்னெண்டுல துணி ஜாஸ்தியாமே அண்ணி? அதையே எடுத்துடுங்க. சும்மா கெடக்கிற நாள்ல என்கிட்ட குடுங்க. மழை வந்தா நெல்லு மேல போத்திக்கிறேன். தார்ப்பாய் எல்லாம் ஓட்ட.”

பாருங்கள். நான் இன்னும் வாங்கவே இல்லை. அதற்குள் அது கணவருக்கும் ஆகி, நெல்லுக்கும் ஆகிவிட்டது.

கடற்கரையில் அருள் இரண்டையும் விரித்து வைத்திருந்தான். அவனும் அதே கச்சேரியை ஆரம்பித்தான்.

“அக்கா, உங்களுக்குப் பன்னெண்டுதான்க்கா நல்லது. அது சாது. கைய விட்டாலும் தலைக்கு மேல போயி நின்னுக்கிரும். இது முரடு. சின்னப் பயலுக ஓட்டுறது.”

“அந்தச் சின்னப் பசங்க ஏன் இதை வித்துட்டாங்க?”

“இப்ப எல்லாரும் உசரமாப் பறக்குறதுக்கு மாறிட்டாங்கக்கா. இதக் கேட்டு வர ஆளே இல்ல.”

அடடா! மலிவான கைட் தேடுகிறவர்கள் இந்த ஒரு வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் கெட்டுப்போனதால் விலை இறங்குவது வேறு, மோஸ்தர் போனதால் இறங்குவது வேறு. இரண்டாவதைக் கண்டால் விடாதீர்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது. துணியைக் காதருகே வைத்துக் கசக்கினேன். புதுத்தாள் மாதிரி மொறமொறவென்று சத்தம் வந்தது. நைந்த துணி என்றால் பழைய வேட்டி மாதிரி சத்தமே இல்லாமல் மடங்கும். ஒட்டுகள் நடுத்துணியில் இருந்தன, பரவாயில்லை. முன்பக்கத்துக் காற்றுக் குழாயின் தையலோரம் ஒட்டு இருந்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். குழாயில் காற்றடித்து அப்படியே விட்டுவிட்டு, கனகாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். தீர்த்தமெல்லாம் ஆடி, ஈரப்புடவை மாற்றி, சாப்பிட்டுத் திரும்பி வந்து அழுத்திப் பார்த்தால் காலையில் இருந்த அதே விறைப்பு. கயிறுகளை ஒரே ஆணியில் மாட்டி நீளம் பார்த்தோம். ஒன்று மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது. அருள் முடிச்சை மாற்றிச் சரிசெய்து கொடுத்தான்.

“இதுதான்” என்றேன். அந்தப் பதினாலை அவனிடமே தள்ளிவிட்டேன்.

கணவருக்குப் போன் செய்தேன்.

“எது எடுத்த?”

“ஒம்போது.”



“எனக்கு ஆவாதே அது.”

“ஆவாது.”

வைத்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பேசிய மிகச் சின்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை காற்று நன்றாக எழுந்தது. அருள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கரையில் கனகா, புருஷன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில் அது காலோடு வர மறுத்ததால்.

முதல் முயற்சியில் பயத்தில் கைட்டை மேலே ஏற்றிவிட்டேன். அடுத்ததில் போர்டு நழுவி முகம் தண்ணீரில் அறைந்தது. அதற்கடுத்ததில் மூக்கு வழியாகப் பாக் நீரிணையில் பாதியைக் குடித்தேன். கைட் முரடுதான், அருள் பொய் சொல்லவில்லை. ஆனால் எப்போது இழுக்கும், எப்போது விடும் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. என் பாரத்துக்கு ஏற்ற இழுப்பு. எதிர்த்து நின்றால் நிற்க முடிகிறது. பதினாலு மீட்டரில் எதிர்க்கவாவது முடிந்ததா?

பிறகு ஒருதடவை... கைட்டைத் தாழ்வாகப் பிடித்தேன். கொக்கியைக் கழற்றினேன். விளிம்பை அழுத்தி, தொடை நடுங்குகிற வரைக்கும் எதிர்த்து நின்று, எம்பினேன்.

கயிறுகள் தளர்ந்தன.

கை முன்னே, கால் பின்னே, உடம்பு முழுக்கக் காற்றில் நீண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம்? ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட இருக்காது. இறங்கியது அழகாக இல்லை, குதிகால் இடித்து, குந்தி, தடுமாறி... ஆனால் போர்டின் மேல்தான் இறங்கினேன். நின்றேன். கத்தினேன். பிறகு அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

கரைக்கு வந்ததும் கனகா துண்டை நீட்டினாள்.

“வுழுந்து வுழுந்து எழுந்துக்கினே இருந்தீங்களே அண்ணி, வலிக்கலியா?”

“வலிக்குது.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? சாப்ட்டு வந்து இன்னொருக்கா போவேன்.”

அவள் கைட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டுகளைத் தடவினாள். நெல்லைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன், பேசவில்லை.

“இது உங்களுக்கு மட்டும்தான் ஆவுமா?”

“எனக்கு மட்டும்தான்.”

“ம்” என்றாள்.

ஊர் திரும்புகிற வழியில் உளுந்தூர்பேட்டையில் இறங்கினோம். அவள் களமருதூர் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வாசலில் தார்ப்பாய் விரித்துச் செருப்பு விற்கிறவர் முன்னால் போய் நின்றாள். புருஷன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சிவப்பு வாரில் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

கடைக்காரர் வியாபாரம் தெரிந்தவர். என் கடையில் நான் சொல்வதையேதான் அவரும் சொன்னார்.

“ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கம்மா. அதே வெலதான். வூட்ல எல்லாரும் போட்டுக்கலாம்.”

கனகா குனிந்து தன் காலைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“யாரும் போட வேணாம்.”