ஒரு வீடும் இடிபடாத பட்டணம்

"கைய லேசா தூக்குங்க" என்று சொல்லி வேடியப்பனின் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்த தசரதன், அளவு சொல்ல மறந்து நிற்கிறார். பார்வை துணி வெட்டும் மேஜைமேல் போய்விட்டது. கறுப்புச் சாயம் பூசிய பலகையில், துணி மூடாத இடமெல்லாம் சாக்கட்டிக் கோடுகள். அத்தனையும் தெருக்கள்.

"வடக்குப் பேட்டையில ரெண்டு மாசமா மழ ஜாஸ்திங்க. தெக்கால இன்னும் வெயிலே எறங்கல. ரெண்டும் ஒரே டவுனு. நான் எந்தப் பக்கம்னு பாக்கறது?"

வேடியப்பன் கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டைக் கடலை வியாபாரத்துக்கு வருகிறவர், வாடிக்கைக்காரர். தூக்கிய கையை இறக்காமலே, வடக்கே ஒரு தானியக் கிடங்கைத் திறந்துவிடலாமே என்று யோசனை சொல்கிறார். தசரதன் சற்று யோசித்து, மேஜை ஓரத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, "முப்பத்தாறு" என்கிறார். அது மார்பளவு.

தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் தையற்கடை வைத்திருக்கும் தசரதன், பல வருஷமாக இந்தப் பட்டணத்தைச் சாக்கட்டியாலேயே கட்டி ஆண்டு வருகிறார். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. நம்ம ஊர் மலையைக் கிரிவலம் சுற்றக் காலையில் கிளம்பினவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். அவருடைய பட்டணத்தைச் சுற்றக் கிளம்பினவர் பேரன் எடுத்துத்தான் திரும்புவார். தசரதனுக்குக் கல்யாணமான வருஷம் அங்கே நிலையை விட்டுப் புறப்பட்ட தேர், இன்னும் முதல் முக்குத் திரும்பவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் சாம்பமூர்த்தி குருக்கள், "தேர் எங்கப்பா வந்திருக்கு?" என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் போவார். ஜனத்தொகை எவ்வளவு என்றால், "எண்ணப் போனவங்களே இன்னும் வரலீங்க" என்பார் தசரதன்.

ஊர் இப்படி வீங்கிப்போனதற்கு ஒரே காரணம்தான். அதில் இதுவரை ஒரு வீடும் இடிபட்டதில்லை. ரோடு போடும்போது குறுக்கே குடிசை வந்தால் ரோடுதான் வளைந்து போகும். வளைந்த ரோட்டின் குறுக்கே இன்னொரு குடிசை வரும், மறுபடி வளையும். தபால் ஆபீசிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகக் கட்டுச்சோறு வேண்டும். "இடிச்சா நேரா போயிடும், வாஸ்தவந்தான். உள்ள இருக்கறவங்க எங்க போவாங்க?" என்று கேட்பார்.

அவர் மனைவி பொன்னிக்கு இந்த ராஜ்யத்தில் உத்தியோகம் எதுவும் இல்லை. எதிர்த்த பூக்கடை ஆதிலட்சுமிகூட தெற்குப் பேட்டைக்குக் கவர்னர். பொன்னிக்கு உள்ளது காஜா எடுக்கிற வேலையும், கடையை ஒட்டிய ஒற்றை அறையும், அதன் மூலையில் ஒரு மண் அடுப்பும்தான். ரவிக்கை தைத்தாயிற்றா என்று யாராவது வந்தால், "அவுரு ஊர்ல ஏதோ கலவரமாம்மா, வெள்ளிக்கிழம வாங்க" என்று சிரிக்காமல் சொல்லி அனுப்புவாள். மனுஷனுக்குக் கொஞ்சம் மறை கழன்றிருக்கிறது என்பது அவள் அபிப்பிராயம். அதை வேறு யாராவது சொல்லிவிட்டால் அவர்கள் தொலைந்தார்கள்.

அறுபத்திரண்டு தேர்தல் முடிந்த கையோடு முனிசிபாலிட்டிக்காரர்கள் அந்தச் சந்துத் தெருவை அகலப்படுத்த வந்தார்கள். ஒரு பக்கம் மூன்றடி வேண்டும். எந்தப் பக்கமானாலும் சரி, நீங்களே பேசி முடிவு சொல்லுங்கள் என்றார் அளக்க வந்தவர். ஆதிலட்சுமியின் பூக்கடை மொத்தமே மூன்றடி ஆழம்தான். தசரதன் எதிர்ப்பக்கம் ஒரு தரம் பார்த்தார்; மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்; "என் பக்கமே எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். பொன்னி அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். குடத்தோடு திரும்பியபோது சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது.

கடையில் மூன்றடி போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. ஆதிலட்சுமி நடுத்தெருவில் நிற்பதை அவள்தான் பார்த்துக்கொண்டிருப்பாளா? அவளைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். கேட்கவில்லையே என்பதுதான் பொறுக்கவில்லை.

"நாலு தெசைக்கும் கவர்னர் வெச்சிருக்கீங்க. பொண்டாட்டிய ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல."

அதோடு பொன்னி பேச்சை நிறுத்தினாள். தட்டில் சோறு விழும், குரல் வராது. தை மாதம் பொங்கலுக்கு மறுநாள் இந்த ஊரில் சுவாமியும் அம்மனும் ஊடல் கொள்வதுண்டு. அது ஒரு ராத்திரியில் தீர்ந்துவிடும். இது வாரக்கணக்கில் நீண்டது.

சுவர் மூன்றடி உள்ளே வந்தபின் கடையில் தையல் மிஷின் மட்டும்தான் நின்றது. மேஜை நுழையவில்லை. வாசலில் சுவரோரமாகப் போட்டு வைத்தார். தரையில் குந்தித் துணி வெட்டினார், முதுகு பிடித்துக்கொண்டது, ஒரு சட்டைக்குக் கை குட்டையாகிவிட்டது. நடுத்தடுப்பை எடுத்து, மேஜையை அறைக்குள் நீட்டிப் போடலாம்தான். ஆனால் அதன் கால் சரியாக அடுப்பு மூலையில் வந்து நிற்கும். தசரதன் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடையெல்லாம் அளந்தார், அறையெல்லாம் அளந்தார். அடுப்பு மூலைக்கு மட்டும் டேப்பு போகவில்லை. அரிசி களைந்துகொண்டே பொன்னி இதைப் பார்த்தாள். பெற்ற பிள்ளைமேல் வருகிற மாதிரி அவர்மேல் ஒரு பரிதாபம் வந்தது அவளுக்கு. காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் மத்தியானம் வேடியப்பனின் சட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய தசரதன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நடுத்தடுப்பு இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் மண்கட்டியும் சாம்பலும் குவிந்திருந்தன. பொன்னி கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு முந்தானையால் முகம் துடைத்தாள். கொல்லைத் தாழ்வாரத்தில் மூன்று செங்கல் வைத்து உலை ஏற்றியாகிவிட்டது.

"இன்னா பொன்னி, என்ன ஒரு வார்த்த கேக்காம..." என்று ஆரம்பித்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"அந்தத் தலப்பப் புடிங்க. டவுனு வெயில்ல கெடக்குது."

அவர் போய் மேஜையின் ஒரு முனையைத் தூக்கினார். பொன்னி மறுமுனையைத் தூக்கினாள். மேலே ஒரு கோடும் அழிந்துவிடாமல், பலகைக்கு அடியில் மட்டும் விரல்களைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, பின்புறமாகவே நடந்து வாசற்படி தாண்டினாள்.