மகளுக்கு இரண்டு பிறந்த தேதி

"என் கையால எழுதுன மனு சென்னைக்குப் போயிருக்குது, டில்லிக்கும் போயிருக்குது. ஒண்ணுகூட தப்புன்னு திரும்பி வந்ததில்ல. எனக்கொரு பேப்பர் எழுதிக் குடுங்கன்னு இன்னொருத்தர் முன்னாடி நான் போய் நிக்கிற நாளும் வரப்போறதில்ல."

திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், ஏழெட்டுப் பேர் முன்னிலையில், மனு எழுதும் தாண்டவராயன் இப்படி அறிவித்தார். அந்த ஏழெட்டுப் பேரும் நல்ல ஞாபகசக்தியோடு இன்னும் உயிருடன் இருக்கிறார்கள். சிக்கலே அதுதான்.

ஒரு மடக்கு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நீல மசிப் பேனா. இவற்றைக் கொண்டு இருபத்தெட்டு வருடமாக அவர் அரசாங்கத்தோடு பேசி வந்தார். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்றிதழ் எதுவானாலும் சரி, வந்தவர் சொல்வதைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை அவரே எழுதிவிடுவார். மூன்று வருடத்துக்கு முன் பக்கத்திலேயே மலர்விழி என்ற பெண் லேப்டாப்பும் பிரிண்டரும் வைத்து உட்கார்ந்தபோது கூட அவர் கலங்கவில்லை. "கரண்டு போச்சின்னா அந்தம்மா கைநாட்டு" என்று ஒரே வரியில் விஞ்ஞானத்தை முடித்துவைத்தார்.

அவருக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகும்போது ஐந்து வயதுக்குச் சில மாதம் குறைந்தால், தகப்பனும் வாத்தியாரும் கலந்து பேசி மே மாதத்தில் ஒரு நல்ல தேதியில் பிள்ளையைப் பிறக்க வைத்துவிடுவார்கள். இருபது வருடம் கழித்து பாஸ்போர்ட்டு, வேலை என்று கிளம்பும்போது, பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு தேதியும் நிற்கும். அந்தக் காகிதங்களோடு யாராவது வந்தால் தாண்டவராயன் எழுதுவதற்கு முன் கூட்டத்தைச் சேர்ப்பார்.

"ஆடு குட்டி போட்ட தேதி ஞாபகம் இருக்குது, பெத்த புள்ள பொறந்த தேதி தெரியாதா? நீயெல்லாம் ஒரு தகப்பன்" என்பார். கூட்டம் சிரிக்கும். கிளியனூர் சவுரியம்மாள் ஒருமுறை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனாள். இதைப் பொதுமக்களுக்கான கல்வி என்று அவர் மனதார நம்பினார்.

போன தை மாதம் அவருடைய ஒரே மகள் கலைப்பிரியாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தென்னரசு பாண்டிச்சேரிப் பையன். அவனுடைய கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் அந்தக் குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். அவன் பாரீசுக்கு வெளியே ஒரு ரொட்டிக் கம்பெனி கிடங்கில் வேலை பார்த்தான். தாண்டவராயன் சாட்சிக் கையெழுத்துப் போட, கல்யாணத்தைத் திண்டிவனத்தில் பதிவு செய்துவிட்டு, தாலி கட்டிய பதினோராம் நாள் விமானம் ஏறிவிட்டான். மிச்சமெல்லாம் காகிதத்தின் பொறுப்பு.  பதிவான கல்யாணத்தைப் பாண்டியில் இருக்கும் பிரெஞ்சு ஆபீசில் அவர்கள் புத்தகத்திலும் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு மனைவிக்கான விசா, அங்கே போய் மொழிப் பரீட்சை, சில வருடம் கழித்துக் குடியுரிமை.

மாப்பிள்ளையின் தாயார் சித்ரா, இதற்கென்றே பாண்டியில் ஏஜெண்டு இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். தாண்டவராயன் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார். கலைப்பிரியா பிரெஞ்சுப் பிரஜை ஆகிற வரைக்கும் ஃபைல் தன்னுடையது என்று டீக்கடைக்கும் தகவல் கொடுத்தார்.

முதல் அப்பாயின்ட்மென்டுக்குச் சம்பந்தியம்மாளும், தாண்டவராயனும், அவர் மனைவி பாஞ்சாலியும், கலைப்பிரியாவும் போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சித்ரா ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பெண்ணின் பெற்றோருக்குக் கல்யாணம் ஆன தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. தாண்டவராயன் மிடுக்காகச் சொன்னார், தொண்ணூற்றெட்டு, நவம்பர் இருபது. சித்ரா அதை எழுதிவிட்டு, கலைப்பிரியாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறந்த தேதி தொண்ணூற்றொன்பது, மே இருபத்து நான்கு. அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறி இறங்க ஆரம்பித்தது. ஆறாவது மாதத்தில் நின்றது.

"பரவால்ல சம்பந்தி" என்றார் குரலைத் தாழ்த்தி. "அந்தக் காலத்துல நடக்குறதுதான்."

பாஞ்சாலிக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவளும் எண்ணினாள். அவள் பிள்ளை பெற்றது செப்டம்பர் பதினொன்று, திண்டிவனம் பெரியாஸ்பத்திரியில், கல்யாணமாகிப் பத்தாவது மாதம். நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழில் அது சரியாகத்தான் இருந்தது. மே மாதத்தைக் கண்டுபிடித்தவர் தாண்டவராயன். இரண்டாயிரத்து நாலில், அடுத்த வருடம் வாங்க என்று சொன்ன தலைமையாசிரியரிடம் படிவத்தைப் பிடுங்கி, தன் அழகான கையெழுத்தில் அவரே எழுதினார். அன்றைக்கு அது நிர்வாக சாமர்த்தியமாக இருந்தது. பாஸ்போர்ட்டும் அந்தத் தேதியிலேயே வந்தது. ஊரார் பிள்ளைகளின் தேதிகளையெல்லாம் தோண்டி எடுத்துக் காட்டிய மனிதர், தன் வீட்டில் இருந்ததை அதோடு மறந்தே போனார்.

உள்ளே இருந்த அதிகாரி மரியாதையாகவே ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டைத் திருத்த வேண்டும். இரண்டு தேதி எப்படி வந்தது என்று தகப்பனார் நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். கையால் எழுதினால் ஆகாது, கம்ப்யூட்டரில் அடித்திருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் பாஞ்சாலி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கிளியனூர் தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தம்மா மனசுல நான் இன்னா மாதிரி பொம்பள இப்போ?"

நிமிடத்துக்கொரு மனு எழுதுகிறவர் பஸ் டிக்கெட்டை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார்.

நியாயமாகப் பார்த்தால் பக்கத்து மேசையில் மலர்விழியிடம் சொன்னால் அரை மணி நேர வேலை. ஆனால் அங்கே டீக்கடை இருந்தது, டீக்கடையில் ஞாபகசக்தி இருந்தது. ஆகவே தாண்டவராயன் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார். இறங்கியதும் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். கலெக்டர் ஆபீஸ் பக்கம் தன்னைத் தெரியாத ஒரு டைப்பிங் ஆளைத் தேடிப் பிடித்தார்.

விஷயத்தைக் கேட்ட டைப்பிங்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, பெத்த பொண்ணு எப்பப் பொறந்துதுன்னு தெரியாதா உனக்கு?"

அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று தாண்டவராயனுக்குத் தெரியும். அவர் வளர்த்த பயிர் அது. வாயிலிருந்து தன்னால் ஒரு வார்த்தை வந்து விழுந்தது.

"படிப்பு இல்லீங்க."

சொன்னதும் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. படிக்காதவனை யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. 'எழுதப் படிக்கத் தெரியாத நான் அறியாமையால் தவறான தேதியைக் கொடுத்துவிட்டேன்' என்று டைப்பிங்காரர் அடித்துக்கொடுத்து, மைப்பெட்டியை நகர்த்தினார். திண்டிவனம் தாலுகாவின் தலைசிறந்த கையெழுத்துக்குச் சொந்தக்காரர் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு, நோட்டரி வக்கீல் பார்த்திருக்க, அழுத்தி உருட்டினார். சுத்தமான கைநாட்டு. கோடுகளெல்லாம் தெளிவாக விழுந்திருந்தன.

இரண்டாவது அப்பாயின்ட்மென்டுக்கு அவர் போகவில்லை. முதுகு வலி என்றார். திருத்திய பாஸ்போர்ட்டோடும், உறுதிமொழிப் பத்திரத்தை உள்ளே வைத்து அவர் ஒட்டிக் கொடுத்த உறையோடும் கலைப்பிரியாவும் சித்ராவும் போனார்கள். அதிகாரி உறையைப் பிரித்து, காகிதங்களை அருகருகே வைத்தார். கல்யாணப் பதிவில் சாட்சியாகத் தகப்பனாரின் கையெழுத்து, அடியில் இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாக. உறுதிமொழிப் பத்திரத்தில் அதே தகப்பனாரின் கட்டைவிரல். அவர் கலைப்பிரியாவைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, மிக மரியாதையாகக் கேட்டார்: அப்பா ஒருத்தர்தானே?

சித்ரா இந்த முறை விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லாத கணக்கு அது.

பத்து நாள் கொடுத்திருந்தார்கள். இரண்டு குறியும் ஒரே ஆளுடையதுதான் என்று அந்த ஆளைத் தெரிந்த நோட்டரி சான்று சொல்ல வேண்டும். பழைய பத்திரம் ஏன் அப்படி இருந்தது என்பதும் புதியதில் வர வேண்டும். தவறினால் மறு அப்பாயின்ட்மென்டு எப்போது என்று யாருக்கும் தெரியாது. தென்னரசு அவளை அழைத்துப் போக லீவு போட்டு அடுத்த மாதம் வருவதாக இருந்தான்.

வீட்டில் கலைப்பிரியா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாண்டவராயன் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

"இந்தத் தடவையும் திரும்பி வந்துதுன்னா அவரு தனியாதான் போவாருப்பா. நான் இங்கியே இருந்துக்கறேன். ஆனா ஏன்னு கேக்கறவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்."

பாஞ்சாலி முறத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ஒரு பேப்பர்ல கல்யாணத்துக்கு முந்தியே மாசமா இருந்தேன். இன்னொரு பேப்பர்ல என் புள்ளைக்கு ரெண்டு அப்பன். மூணாவது பேப்பர்ல என்னை இன்னா பண்ணப் போறீங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க."

அவரைத் தெரிந்த நோட்டரி திண்டிவனத்தில்தான் இருந்தார், தாலுகா ஆபீஸ் காம்பவுண்டை ஒட்டி.

திங்கட்கிழமை காலை பத்தரை மணி. மனு கொடுக்க வந்த கூட்டம் ரோடு வரை நின்றது. தாண்டவராயன் தன் மேசையை விரிக்கவில்லை. மலர்விழியின் மேசைக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். ஐந்தாவதாகப் போய் நின்றார். முன்னால் இருந்த வானூர்க்காரர் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, சார் நீங்க போங்க என்று வழிவிட்டார். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். டீக்கடையில் யாரோ கிளாசைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

அவர் முறை வந்ததும் மலர்விழி எழுந்து நிற்கப் போனாள். உட்காரும்மா என்றார். என்ன வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. காலியான பக்கம் ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு விசைப்பலகையைப் பார்த்தபடி இருந்தாள். கேலி செய்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு முதல்ல போடும்மா" என்றார். "விழுப்புரத்துல தெரியாதுன்னு பொய் சொல்லி கைநாட்டு வெச்சதும் நான்தான். ஸ்கூல்ல ஒரு வருஷம் முன்னாடி சேக்கணும்னு தேதிய மாத்தி எழுதுனதும் நான்தான். தெரியாம இல்ல, தெரிஞ்சேதான்."

விசைகள் ஓடி நின்றன.

"எனக்கும் பாஞ்சாலிக்கும் கல்யாணமாகி பத்தாவது மாசம்தான் குழந்தை பொறந்துது. அதையும் போடு."

"இதுல அது தேவைப்படாதுங்களே சார்."

"இருக்கட்டும். போடு."

மலர்விழி போட்டாள். சத்தியம் செய்கிறவர் காதில் விழும்படி ஒருமுறை படித்துக் காட்டுவது அவளுடைய வழக்கம். காகிதத்தைக் கையில் எடுத்து, மெல்லிய குரலில், ஆனால் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தாண்டவராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் "ஆமாம்" என்றார்.