ரிப்பேருக்குப் போன ரயில்

என் மகனுக்கு இருபத்தாறு வயது. பேச்சு குறைவு; பேசினால் ஒன்றிரண்டு வார்த்தை. அவனுக்கு ஏழு வயதானபோது, சவுதியிலிருந்து லீவில் வந்த என் தம்பி ஒரு பழைய மின்சார ரயில் பொம்மை கொண்டுவந்தான். பச்சை இஞ்சின், மூன்று பெட்டி, வட்டத் தண்டவாளம். அன்றிலிருந்து மகனின் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. தட்டு போட்டதும் ரயில் கிளம்ப வேண்டும். ஒரு சுற்று சுற்றித் தட்டருகே வந்து நிற்க வேண்டும். பிறகுதான் சோற்றில் கை வைப்பான். நாங்கள் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுவதைப் போல, அது அவனுடைய ஜெபம்.

போன கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்க வீட்டுச் சாமான்களை எல்லாம் நகர்த்தினோம். ரயிலைத் திரும்ப வைத்தவன் நான். சவுதிச் சாமான் நூற்றுப்பத்து வோல்ட்டில் ஓடுவது. நம் கரண்டைக் குறைத்துக் கொடுக்க நடுவே ஒரு கனமான இரும்புப் பெட்டி வேண்டும். கல்ஃப்காரர் இருக்கும் வீடுகளில் குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கு அன்று புத்தி எங்கே போனதோ, அந்த இரும்புப் பெட்டியை விட்டுவிட்டு ஒயரை நேரே சுவரில் சொருகினேன். இஞ்சின் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது, புகைந்தது, நின்றது. குளித்துவிட்டு வந்த மகன் வெறும் தண்டவாளத்தைப் பார்த்தான். இஞ்சினைத் துண்டில் சுற்றி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, “ரிப்பேருக்குப் போயிருக்கு மக்கா, வரும்” என்றேன்.

அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. ராத்திரியும் இல்லை. மறுநாள் தண்ணீரும் பால் விடாத கட்டன்சாயாவும் மட்டும் இறங்கின. மனைவி ஊட்டிப் பார்த்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டான். நான் அதட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் தட்டைத் தூக்கி எறிந்தேன். புது வெள்ளையில் மீன்குழம்பு வழிந்தது. சாயங்காலம் டாக்டரிடம் காட்டினோம். அவரோ, “நாளைக்கும் இப்படின்னா அட்மிட் பண்ணி டிரிப் ஏத்தணும், கையைக் கட்டித்தான் ஏத்த முடியும்” என்றார். என் பிள்ளையின் கையைக் கட்டுவார்களாம்.

மூன்றாம் நாள் காலையில் அவனைக் காரில் ஏற்றினேன். மனைவி பின்சீட்டில் சோற்றுப் பாத்திரம் ஒன்றை வைத்தாள். நாகர்கோவிலில் மோட்டார் கட்டுகிறவர் இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, கரிக்கட்டைக்குக் கம்பி சுற்ற முடியாது என்றார். அப்படியானால் அதே போல இன்னொன்று கிடைத்தாக வேண்டும். பொம்மைக் கடைகளில் ரிமோட் கார்களைக் காட்டினார்கள். தக்கலையில் ஒருவன் செல்போனில் ரயில் ஓடுவதைக் காட்டினான். அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. மார்த்தாண்டத்தில் பழைய ரேடியோவும் கைக்கடிகாரமும் விற்கும் கடையில், கண்ணாடி அலமாரிக்குள் எட்டு ரயில் இஞ்சின்கள் வரிசையாக நின்றன. எனக்கு உயிர் வந்தது. எட்டுமே எங்கள் தண்டவாளத்தைவிட அகலம். திருவட்டாறில் ஒரு கடை உண்டு என்று கடைக்காரரே அனுப்பினார். போனால், அங்கே இப்போது போன் கவர் விற்கிறார்கள்.

ஒவ்வொரு கடையிலிருந்தும் நான் திரும்பி வரும்போது மகன் காருக்குள்ளிருந்து கேட்பான், “வருமா?”

“வரும் மக்கா.”

கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்துகொள்வான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

தேங்காய்ப்பட்டணத்தில் சென்ட்டும் கம்பளியும் விற்கும் ஃபாரின் சாமான் கடை ஒன்றில் விசாரித்தேன். கடைக்காரர் பரணில் ஏறி, தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். உள்ளே பச்சை இஞ்சின். அதே இஞ்சின். தண்டவாளத்தை அவரே பொருத்தி, இரும்புப் பெட்டி வழியாகக் கரண்டும் கொடுத்தார். காரிலிருந்து இறங்கி வந்த மகன் என் தோளோடு ஒட்டி நின்றான். ஸ்விட்ச் போட்டதும் சக்கரம் அரை வட்டம் அசைந்தது. பிறகு அசையவே இல்லை. அவர் அடியைத் திருகித் திறந்தார். உள்ளே கம்பியெல்லாம் களிம்பேறிப் பொடிந்து கிடந்தது.

“கடல்காத்து தின்னுபோட்டு சாரே. ஒங்க வண்டிக்கி என்ன ஆச்சி?”

“கரிஞ்சு போச்சு.”

“சவுதி சாமானா? பெட்டி இல்லாத நேரே குத்தினா அப்பமே புகையும்லா. ஆரு குத்துனது?”

மூன்று நாளாக யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. மனைவியிடம்கூட, தானாகப் புகைந்தது என்றுதான் சொல்லியிருந்தேன். வெளியே வந்து, கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனிப் போவதற்குக் கடை இல்லை. ஆஸ்பத்திரிதான்.

மகன் பின்னால் வந்தான். “வருமா?”

வரும் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது.

“வராது மக்கா. ரிப்பேருக்கு ஒண்ணும் போவல்ல. அப்பாதான் எரிச்சேன். இனி வராது.”

சொல்லிவிட்டு நடுரோட்டில் வாய்விட்டு அழுதேன். மீன் கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு பின்கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்து, பாத்திரத்தை மடியில் வைத்து மூடியைத் திறந்தான். ஆறிப்போன சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் போட்டான். அடுத்த உருண்டை. அதற்கடுத்தது.

வராது என்று தெரிந்தால் அவன் காத்திருக்க மாட்டான். வரும் என்று அப்பா சொன்னதால் காத்திருந்திருக்கிறான். வழியெல்லாம், ஊருக்கு ஊர், நான்தான் அவனைப் பட்டினி போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

பாத்திரத்தின் அடியை விரலால் வழித்து நக்கிவிட்டு, அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னும் இருக்கா?” என்றான்.