தாழிக்குள் இருந்தவருக்கு மீசை இல்லை

பழைய எலும்பிலிருந்து மரபணு எடுக்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் பல்லைப் பிடுங்கும்போது சம்பந்தப்பட்டவர் கத்த மாட்டார். சுற்றி நிற்பவர்கள்தான் கத்துவார்கள். பொதுமக்களோடு மாரடிக்கும் எந்த வேலையில் நீங்கள் இருந்தாலும் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

மருந்து

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கரிசல் காட்டில் முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக் கிடந்த நேரம் என்பதால், தோண்டுவதற்கு அந்த ஆட்களையே எடுத்தோம். அவர்களைப் போல வேலையாள் கிடைக்காது. எதையும் உரச மாட்டார்கள், போட மாட்டார்கள், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோலத்தான் தரையில் வைப்பார்கள். அவர்களுக்குத் தலைவி அன்னத்தாய். நான்கு பெண்களில் மூத்தவர். அண்ணன் தம்பி கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா வீட்டில்தான் இருக்கிறார், புருஷன்தான் வெளியூரிலிருந்து வந்தவர். ஊர்க் கோயிலில் முதல் மரியாதையாக அப்பாவுக்குக் கட்டிய பட்டுப் பரிவட்டம், அவர் போனபிறகு ஆண்வாரிசு இல்லையென்று சித்தப்பா மகன் பெருமாள் தலைக்குப் போய்விட்டது. வரும் பங்குனிப் பொங்கலுக்கு அதைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று அன்னத்தாய் இருந்தார்.

முதல் தாழியைத் திறந்தோம். உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி. மரபணுவுக்கு ஈரம் எமன். நான் கையுறை மாட்டித் திரும்புவதற்குள் அன்னத்தாய் ஒரு செம்புத் தண்ணீரை உள்ளே தெளித்துவிட்டார். பட்டாசுக் கம்பெனியில் சிந்திய வெடிமருந்தை நனைத்துவிட்டுத்தான் கூட்டுவார்களாம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவரோ என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

“பொடியக் காஞ்ச கையால தொடப்படாது சார். எம்புட்டுப் பழசா இருந்தா என்ன, மருந்து மருந்துதான்.”

எச்சில்

கிடைக்கும் மரபணு அந்தக் காலத்து ஆளுடையதா, நேற்றுத் தும்மிய ஆளுடையதா என்று பிரிக்க, குழியருகே வந்த எல்லோரிடமும் எச்சில் மாதிரி கேட்டோம். பெண்கள் கொடுத்துவிட்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக ஆடு தேடப் போனார்கள். அந்த ஊரில் அத்தனை ஆடு இல்லை.

பெருமாள் மட்டும் தானாக வந்து வாயைத் திறந்தார். இரண்டாவது தாழியில் எலும்போடு ஒரு இரும்பு வாள் இருந்தது. அந்த எலும்பு தன் பாட்டன், அந்த வழியில்தான் பரிவட்டம் தனக்கு வந்தது என்று ரிப்போர்ட் வேண்டுமாம். கையெழுத்துப் போட்டே தருவீர்களா என்று கேட்டார். ஆட்டைத் தேடப்போன ஒருவரை நான் பஸ் ஸ்டாப்பில் மடக்கியபோது அவர் பொறுமையாகச் சொன்னார்.

“எங்கய்யா யாருன்னு எங்காத்தா சொல்லிட்டாக. அதுக்கு மேல கவர்மெண்டுக்கு என்ன சார் சந்தேகம்?”

மீசை

ரிப்போர்ட் வரும்வரை பெருமாளுக்குப் பொறுக்கவில்லை. சிவகாசியில் பாட்டன் படம் போட்ட காலண்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். கையில் வாள், தலையில் பரிவட்டம், காது வரைக்கும் மீசை, முகம் மட்டும் பெருமாளுடையது.

ரிப்போர்ட் வந்தது. வாளோடு இருந்தவர் பெண். நான் மறுபடி மறுபடி பார்த்தேன், பெண்தான். காலண்டரையாவது நிறுத்தலாம் என்று அச்சகத்துக்கு ஓடினேன். மீசை ஏற்கெனவே மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி எனக்கு டீ சொல்லிவிட்டு, விஷயத்தைக் கேட்டபின் ஒரு தாளை உருவி மீசையைப் பார்த்தார்.

“மீசைய எடுக்கணும்னா புதுசாப் பிளேட்டு போடணும். நீங்க அந்த எலும்ப இன்னொருக்காப் பாருங்களேன்.”

மரியாதை

ஊர்க்கூட்டத்தில் ரிப்போர்ட்டைச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். வாளோடு இருந்தவர் பெண், அடுத்த தாழிகளில் இருந்தவர்கள் அவருடைய மகளும் பேத்தியும் என்றேன். கூட இருந்த ஆண்கள் இரண்டு பேரும் அந்த ரத்தமில்லை, பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகளாக இருக்கலாம் என்றேன். அன்னத்தாயின் புருஷன் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாவுக்கும் இந்த ஊரில் யாருக்கும் உறவு என்று சொல்ல ஆதாரமில்லை என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அன்னத்தாயைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பெருமாள் அதைப் பிடித்துக்கொண்டார். யாருக்குமே உறவில்லையென்றால் பழைய வழக்கமே இருக்கட்டும் என்றார். பல தலைகள் ஆடின. அன்னத்தாய் எழுந்தார். “நான் சொந்தங் கொண்டாட வரல. அந்தம்மாவுக்கு வாளக் குடுத்தாகளே, அன்னைக்கு இந்த மண்ணுல மழை பேயாமப் போச்சா? அதச் சொல்லுங்க, நான் உக்காந்துக்கிடுதேன்.”

கடைசியில் கூட்டம் தன் கௌரவத்துக்குப் பங்கமில்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தது. இந்த வருடம் முதல் மரியாதை தாழி அம்மாவுக்கு. அவர் பெட்டிக்குள் அடைபட்டு ஆய்வகம் போய்விட்டதால் அவர் சார்பில் ஒரு பெண் வாங்க வேண்டும். பங்குனிப் பொங்கலன்று அன்னத்தாய் தலையில் பட்டுத்துணி ஏறியபோது என் கண் கலங்கியது. பட்டாசுப் புகை என்று சமாளித்தேன். பெருமாள் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“அந்த மாப்பிள்ளைக ரெண்டு பேரு இருந்தாகள்ல சார், அவுக சார்புல அடுத்த வருசம் எனக்குக் கட்டுவாகளா?”

உயிரோடு இருக்கும் ஒரு பெண் தன் அப்பா நின்ற இடத்தில் நிற்க, மண்ணுக்குள் கிடந்த ஒருத்தி சிபாரிசுக்கு எழுந்து வர வேண்டியிருந்தது என்பதுதான் எங்கள் துறை இதுவரை இந்த வட்டாரத்தில் செய்த ஒரே கண்டுபிடிப்பு.