எட்டாத உயரத்தில் ஓர் அட்டை

பள்ளி திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே என் மகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டேன். சப்பாத்தைக் காலில் அவளே மாட்ட வேண்டும். சாப்பாட்டு டப்பாவை அவளே திறக்க வேண்டும். திறக்க வராமல் என்னிடம் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "அங்க அம்மா வரமாட்டேன். யாரையும் தொந்தரவு பண்ணக்கூடாது. எல்லாம் நீயேதான் செய்யணும்" என்பேன். என் கணவர் லோரி ஓட்டுகிறவர். தஞ்சோங் காராங்கிலிருந்து அரிசி ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வந்து காலை நீட்டியபடி, "புள்ளய ஒண்ணாம் ஆண்டுக்கு அனுப்புறியா, பட்டாளத்துக்கு அனுப்புறியா?" என்று கேலி செய்வார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது.

பள்ளி தொடங்கி இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் கவனித்தேன், தண்ணீர்ப் போத்தல் காலையில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பி வந்துகொண்டிருந்தது. போத்தல் பிடிக்கவில்லையோ என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் நிறைந்தே வந்தது. வேனிலிருந்து இறங்கியதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்கு ஓடுவாள். வீட்டுக்குள் அழுக்கு வருகிறதே என்று அதற்கும் நான்தான் கத்தினேன். நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போடலாம் போலிருக்கிறது.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் உள்ளே போகும்போதே கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். பத்து மணிக்குப் பள்ளியில் இடைவேளை மணி அடித்திருக்குமே, குடித்திருப்பாளா, யாராவது போத்தலைப் பிடுங்குகிறார்களா, அடிக்கிறார்களா என்று என் மனம் போகாத இடமில்லை. கணவரிடம் சொன்னால், "வாயுள்ள புள்ள பொழைச்சுக்கும்லா, விடு" என்றார். அந்த வாய்தான் அவளுக்கு இருக்கிறதா என்பதே என் சந்தேகம்.

ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் அனலாய் அடித்தது. கிளினிக்கில் மலாய்க்கார டாக்டர் சோதித்துவிட்டு, சிறுநீரில் கிருமி என்றார். பிள்ளை பள்ளியில் எத்தனை முறை கழிவறைக்குப் போகிறாள் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எத்தனை எழுத்து எழுதுகிறாள், எத்தனை வரை எண்ணுகிறாள் என்று கேட்டிருந்தால் கடகடவென்று சொல்லியிருப்பேன்.

காருக்குள் ஏறியதும் அவளிடமே கேட்டேன்.

"தண்ணி குடிச்சா டாய்லெட் வரும்மா."

"வந்தா போக வேண்டியதுதானே?"

"பாஸ் எட்டாது."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. வகுப்புக் கதவோரம் ஓர் ஆணியில் கயிறு கட்டிய அட்டை ஒன்று தொங்குமாம், அதுதான் பாஸ். இடைவேளையானாலும் கழிவறைக்குப் போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்வந்து, மறுபடி அங்கேயே மாட்ட வேண்டும். போன வருடம் அந்த அறையில் பெரிய பிள்ளைகள் படித்தார்களாம். ஆணி அவர்கள் உயரத்துக்கு அடித்தது.

"யார்கிட்டயாவது எடுத்துத் தரச் சொல்லலாம்ல?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீதானே யாரையும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சொன்ன?"

நான் காரைக் கிளப்பினேன். அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழ வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்கு அரை நாள் லீவு போட்டு அவளை நானே அழைத்துப் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் டீச்சரைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டு வந்தேன். ஆணி எவ்வளவு உயரம் என்று பார்க்க உங்களுக்குக் கண் இல்லையா என்று கேட்பதாக ஏற்பாடு. ஆனால் நான் வீட்டில் புலி, வெளியில் எலி. எஸ்டேட் பள்ளியில் நான் படித்தபோது என் அப்பா வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்பார். வாத்தியார் கூப்பிட்டாலொழிய உள்ளே வரமாட்டார். அந்த ரத்தம்தானே எனக்கும்.

வகுப்பு வாசலில் டீச்சர் சிரித்த முகமாக, "வாங்கம்மா, என்ன விஷயம்?" என்றார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்.

"ஒண்ணுமில்ல டீச்சர். காய்ச்சல் லெட்டர் கொடுத்துட்டுப் போலாம்னு."

கடிதத்தை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே திரும்பினார். ஆணி என் கண்ணுக்கு நேரே இருந்தது. வேர்த்துப்போன என் கைக்குள் மகளின் விரல்கள் இருந்தன. இனி அவ்வளவுதான், இன்றைக்கும் இவள் குடிக்காமல்தான் இருப்பாள் என்று நினைத்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"டீச்சர், அந்தப் பாஸ் எனக்கு எட்டல. எடுத்துத் தரீங்களா?"

டீச்சர் நின்றார். ஆணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் முன் வரிசையிலிருந்து ஒரு பையன், "எனக்கும் எட்டாது டீச்சர்" என்றான். அவனுக்குப் பின்னால் இன்னொரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று.

டீச்சரின் முகம் வாடிவிட்டது. அட்டையைக் கழற்றித் தாழ்வாக இருந்த கதவுக் கொண்டியில் மாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "இதச் சொல்லத்தான் வந்தீங்களா? சொல்லியிருக்கலாமேம்மா."

என் மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மாவுக்கு உங்ககிட்ட கேக்கப் பயம் டீச்சர்."